கேள்வி-பதில்: அட்டையில் சிம்பொனி, உள்ளே ஒரு துண்டு

கேள்வி: 'மாலர், பத்தாம் சிம்பொனி' என்று அட்டையில் போட்டிருந்த குறுந்தகட்டை வாங்கினேன். இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. தகட்டில் பழுதா?

பதில்: பழுது அட்டையில். நீங்கள் கேட்டது முதல் பகுதியான அடாஜியோ, அதாவது மெதுவாக நகரும் பகுதி மட்டும். ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலர் 1910 கோடையில் ஐந்து பகுதிகளுக்கும் வரைவு எழுதிவைத்துவிட்டு, 1911 மே மாதம் இறந்துபோனார். அடாஜியோவோடு நிறுத்திக்கொள்ளும் இசைக்குழு நடத்துநர்கள் பலர். அது அவர்கள் கொள்கை. அதை அட்டையில் சொல்லாமல் விற்பது ஏமாற்று. வரைவைப் பிறர் நிரப்பித் தந்த முழுப் படைப்பு எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும். திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: மாலரின் அந்த வரைவை நிரப்பியவர்கள் குக், கார்ப்பென்டர், பார்ஷாய். யாருடைய பதிப்பை வாங்குவது?

பதில்: முதலில் குக். தான் சிம்பொனியை 'முடித்துவிட்டதாக' டெரிக் குக் சொல்லிக்கொள்ளவில்லை. மாலரின் வரைவை வாசிக்கத்தக்க வடிவில் தருவதாகத்தான் சொன்னார். மாலர் வெற்றாக விட்ட இடங்களில் சிக்கனமாகவே கைவைத்தார். கார்ப்பென்டருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. பார்ஷாய் தாளவாத்தியங்களைத் தாராளமாகச் சேர்க்கிறார். ஒப்பிட வேண்டுமென்றால் நான்காம் பகுதி முடிந்து ஐந்தாம் பகுதி தொடங்கும் இடத்துக்குப் போங்கள். துணி போர்த்திய முரசில் ஒற்றை அடி விழும். நியூயார்க்கில் ஒரு தீயணைப்பு வீரரின் இறுதி ஊர்வலத்தை மாலர் விடுதி ஜன்னலிலிருந்து பார்த்தபோது கேட்ட அடி அது. குக் அதை முடிவிலும் தொடக்கத்திலுமாக இரண்டு முறை வைத்தார். சில நடத்துநர்கள் ஒன்றாகக் குறைத்துவிடுகிறார்கள்.

இனி என் வயிற்றெரிச்சல். பதிப்புகளை ஒப்பிடலாமென்று இரண்டு நடத்துநர்களின் தகடுகளை ஒரே நாளில் வாங்கினேன். இரண்டும் குக்! நடத்துநரின் முகம் அட்டை முழுக்க. ஆண்டுக்கணக்கில் வரைவோடு மல்லுக்கட்டியவரின் பெயர் உள்ளே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில். குக் என்று போட்டால் மட்டும் போதுமா? 1964-இல் லண்டனில் முதன்முதலாக முழுமையாக வாசித்தது ஒன்று, 1976-இல் அச்சானது ஒன்று, 1989-இல் திருத்தியது ஒன்று. மருந்துக் குப்பிக்கு இருக்கும் ஒழுங்கு இசைத்தட்டுக்கு ஏன் இல்லை?

கேள்வி: சூபர்ட்டின் 'முடிவுறாத' சிம்பொனியை நான்கு பகுதிகளாக நிரப்பிய தகடு வாங்கலாமா?

பதில்: அவர் எழுதி முடித்த இரண்டு பகுதிகளையும் முழுதாகக் கேட்டுவிட்டீர்களா?

கேள்வி: தள்ளுபடியில் வந்ததால் புரூக்னரின் ஒன்பதாம் சிம்பொனியை இறுதிப் பகுதியோடு நான்கு பதிப்புகளில் வாங்கிவிட்டேன். இன்னும் பிரிக்கவில்லை. எதை வைத்துக்கொள்வது?

பதில்: வாங்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி. 1896-இல் புரூக்னர் இறந்தபோது மூன்று பகுதிகள்தான் முடிந்திருந்தன. நான்காவதன் தாள்களில் சில, நினைவுக்கு வைத்துக்கொள்கிறேன் என்று வந்தவர்களோடு போய்விட்டன. அதனால் கடைசி நிமிடங்கள் அந்தந்தப் பதிப்பாசிரியரின் ஊகம். நான்கிலும் அதை மட்டும் கேட்டுவிட்டு, தூங்கவிடாததை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றைக் கடைக்காரர் திருப்பி வாங்கமாட்டார். நானாக இருந்தாலும் வாங்கமாட்டேன்.