கிளி வளர்ப்பு: மலைவாசிகளின் கேள்விகளும் பதில்களும்

குன்னூர்: சார், காக்டெயில் என்ற கொண்டைக் கிளி வாங்கி ஒரு மாதம் ஆகிறது. கூண்டுக்குள் கை போனாலே கொத்துகிறது. விரலில் ஏறப் பழக்குவது எப்படி?

முதலில் கூண்டுக்குள் கை விடுவதை நிறுத்துங்கள். அது அதன் வீடு. கதவைத் திறந்து வைத்தால் தானே வெளியே வரும். தினைக் கதிரின் அடிநுனியைப் பிடித்து நீட்டுங்கள். பதறாமல் தின்னத் தின்ன, நாளுக்கு நாள் கதிரைக் குட்டையாக்குங்கள். உங்கள் விரலை உரசிக்கொண்டே தின்னும் நிலை வந்ததும், மறுகையின் ஆள்காட்டி விரலைக் காலுக்குச் சற்று மேலே அடிவயிற்றை ஒட்டி வைத்து, "ஏறு" என்று ஒரே தடவை சொல்லுங்கள். கதிர் விரலுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும், ஏறினால்தான் எட்ட வேண்டும். இரண்டு காலும் ஏறிய நொடியிலேயே தினை.

ஏறும் முன் அலகால் விரலைக் கவ்விப் பார்க்கும். அது கடி இல்லை, கிளை உறுதியா என்ற சோதனை. அப்போது கையை இழுத்தால், வாயை வைத்தால் கை ஓடிவிடும் என்று கற்றுக்கொள்ளும். உங்களுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

காலையில் தீனி வைக்கும் முன் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் போதும். கிண்ணத்தில் எப்போதும் தினை கிடந்தால் கையிலுள்ள தினையை எந்தக் கிளி மதிக்கும்?

கொடைக்கானல்: மரப்பொந்திலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சு கிடைத்தது. பழக்கலாமா?

கூடாது. நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள்.

கோத்தகிரி: அக்கா, சோபா, திரை, சட்டை எல்லாம் எச்சம். பழக்க முடியுமா?

ஓரளவு முடியும். விழித்ததும் போடும் பெரிய எச்சம் கூண்டிலேயே முடியட்டும், அதுவரை வெளியே விடாதீர்கள். பிறகு ஏறக்குறைய 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை போகும். ஓரடி பின்வாங்கி, உடலைத் தாழ்த்தி, வாலைத் தூக்கினால் நேரம் வந்துவிட்டது. உடனே பேப்பர் விரித்த ஸ்டாண்டில் விட்டு, போகும்போதே ஒரு சொல்லைச் சொல்லுங்கள், முடிந்ததும் பாராட்டுங்கள். தவறிப் போனால் பேசாமல் துடையுங்கள். ஒரு எச்சரிக்கை: நீங்கள் சொன்னால்தான் போகலாம் என்ற அளவுக்கு இறுக்காதீர்கள். மணிக்கணக்கில் அடக்கிப் பழகினால் உடம்பு கெடும்.

ஊட்டி: சமையலறைக்குப் போனாலே வீடு அதிரக் கத்துகிறது.

கூட்டமாக வாழும் பறவை, ஆளைக் காணோமே என்று கூப்பிடுகிறது. ஒரு சீழ்க்கையைத் தேர்ந்தெடுத்து, அறையை விட்டுப் போகும்போதெல்லாம் அடியுங்கள். அது சீழ்க்கை அடித்தால் உடனே பதில், கத்தினால் மௌனம். "சும்மா இரு" என்று அதட்டுவதும் அதற்குப் பதில்தான். முதல் சில நாள் கத்தல் கூடும், அங்கே இளகினால் தொலைந்தது. இரவில் 10–12 மணி நேரம் இருட்டும் அமைதியும் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். டிவி இருக்கும் கூடத்தில் கிடைக்காது.

லவ்டேல்: ஜனவரி உறைபனிக்குக் கரி அடுப்பு வைக்கலாமா?

வேண்டாம். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும், மனிதருக்கும் ஆபத்து. டெஃப்ளான் பூச்சுள்ள ஹீட்டரும் அடுப்பில் காய்ந்துபோன நான்ஸ்டிக் தவாவும் அதைவிட மோசம். அந்தப் புகை கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். சளி என்று நீலகிரித் தைலம் போட்ட வெந்நீரைக் கூண்டருகே வைக்காதீர்கள், அதன் மூச்சுப்பைகள் தாங்காது. ஜன்னலை விட்டு உள்சுவர்ப் பக்கம் கூண்டை நகர்த்தி, மூன்று பக்கம் கம்பளி போட்டு, முன்புறம் திறந்து விடுங்கள். பகல் வெயிலிலும் சிலிர்த்தே உட்கார்ந்திருந்தால் அது குளிர் இல்லை, நோய். மருத்துவரிடம் காட்டுங்கள்.

பண்ணைக்காடு: தோட்டத்துப் பட்டர் ஃப்ரூட்டைப் பரிசாகக் கொடுக்கலாமா?

ஒரு துண்டுகூடக் கூடாது. அதிலுள்ள பெர்சின் என்ற நச்சு பறவையின் இதயத்தைத் தாக்கும். சாக்லெட், காபி, டீயும் அப்படியே விலக்கு. பிளம், பீச் கொடுத்தால் கொட்டையை எடுத்துவிடுங்கள். பரிசுக்குக் கேரட் துருவல் போதும்.