தொந்தரவே இல்லை, பரிசோதனை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 44. இரண்டும் சுகப்பிரசவம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆகிவிட்டது. எந்தத் தொந்தரவும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். அவசியமா? வலிக்குமா? ஆண்டுதோறும் போக வேண்டுமா?

பதில்: போய் வாருங்கள். தொந்தரவு இல்லாதவர்களுக்காகவே ஏற்பட்ட பரிசோதனை இது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. வைரஸ்தான் முக்கியக் காரணம். தாம்பத்திய உறவில் தொற்றும் இது, பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும். சிலரிடம் தங்கிவிட்டால், புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை உடம்பு வாய் திறக்காது. ஆபரேஷனில் அடைப்பது கருக்குழாயை மட்டுமே. அது இந்த நோயைத் தடுக்காது.

சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் வி.ஐ.ஏ. முறைதான். ஸ்பெகுலம் கருவியால் கருப்பைவாயைப் பார்த்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாறுபட்ட திசு வெளுத்துத் தெரியும். பாப் ஸ்மியர் என்றால் செல்களைச் சுரண்டியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இரண்டும் சில நிமிட வேலை. வலியைவிடக் கூச்சம்தான் பெரிது. பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். மாதவிலக்கு நாட்களைத் தவிருங்கள். முந்தைய இரண்டு நாட்கள் உறவும், பிறப்புறுப்பில் வைக்கும் மருந்தும் வேண்டாம்.

ஆண்டுதோறும் தேவையில்லை. வி.ஐ.ஏ.வை 30 முதல் 65 வயதுவரை 5 ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ளச் சொல்கிறது மத்திய அரசின் வழிகாட்டுதல். பாப் ஸ்மியர் 3 ஆண்டுக்கு ஒருமுறை. வசதி கிடைத்தால், அந்த வைரஸ் இருக்கிறதா என்றே பார்க்கும் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையே மேல், முடிவு நெகட்டிவ் என்றால் குறைந்தது 5 ஆண்டு இடைவெளி விடலாம்.

தனியார் ‘பேக்கேஜ்’களில் சினைப்பைப் புற்றுநோய்க்கென்று ஸ்கேனும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் சேர்த்திருப்பார்கள். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் 2021 முடிவுப்படி, இவற்றால் இறப்பு குறையவில்லை. குடும்பத்தில் யாருக்கும் அந்நோய் இல்லையென்றால் அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

கருப்பைவாய்ப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தாலும் அது புற்றுநோய் என்று பொருளல்ல. கால்போஸ்கோப் கருவியால் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். புற்றுக்கு முந்தைய மாற்றமாக இருந்தால், பெரும்பாலும் கருப்பையை எடுக்காமலேயே சரிசெய்துவிடலாம்.

உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், மாதவிலக்கு நிரந்தரமாக நின்றபின் உதிரப்போக்கு இவற்றில் ஏதேனும் ஏற்பட்டால் மட்டும் 5 ஆண்டுக் கணக்கெல்லாம் செல்லாது. போன வருட ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றாலும் உடனே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.