முதல் மாடல் ரயில் லேஅவுட்: ரயிலுக்கு முன் வளைவை முடிவு செய்யுங்கள்

“வீட்டில் ஓர் அறையின் மூலையில் முதல்முறையாக மாடல் ரயில் லேஅவுட் கட்ட ஆசைப்படுகிறேன், எந்த ரயிலை வாங்குவது, எங்கிருந்து தொடங்குவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். லேஅவுட் என்றதும் நம் ஊரில் பலருக்கு மனைப்பிரிவு நினைவுக்கு வரும். இங்கே பேசுவது தண்டவாளம், நிலையம், மலை, மரம் எல்லாம் சேர்ந்த ஒரு பலகையைப் பற்றி. ரயிலை இப்போது வாங்க வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, ஒரு ரயில் வளைந்து முழு வட்டமாகச் சுற்றி வர உங்கள் அறையில் எவ்வளவு அகலம் ஒதுக்க முடியும் என்று பாருங்கள். எந்த ஸ்கேல் (உண்மை ரயிலில் எத்தனையில் ஒரு பங்கு என்ற அளவு), எத்தனை பெட்டி, எந்த எஞ்சின் என்பதையெல்லாம் அந்த ஓர் எண்ணே தீர்மானித்துவிடும். நான் இதைத் தலைகீழாகச் செய்து ஓராண்டையும் ஒரு பலகையையும் வீணாக்கியவன்.

என் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து வரும்போது ஓர் எச்.ஓ. ஸ்கேல் ரயில் செட்டை வாங்கி வந்தார். சென்னையில் எங்கள் அடுக்ககத்தின் இரண்டாவது படுக்கையறையில், எட்டடிக்கு நான்கடி பிளைவுட் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயிலைக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்தப் பாதை சுமார் 46 கிலோமீட்டர் நீளமும் மீட்டர் கேஜ் அகலமும் கொண்டது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12.28 அடிக்கு ஓரடி என்ற செங்குத்தான ஏற்றம் இருப்பதால்தான் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. பற்சட்டம் இல்லாத சாதாரண மாடல் தண்டவாளத்தில் அந்தச் சரிவைக் கட்டினால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. சக்கரங்கள் அதே இடத்தில் சுழன்றன, எஞ்சின் நகரவில்லை. மாடல் ரயிலுக்கு நூற்றுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று என்ற ஏற்றமே வசதியானது. 12.28-க்கு ஒன்று, அதாவது நூற்றுக்கு எட்டு என்பது பேராசை.

ஏற்றத்தைக் கைவிட்டுச் சமதளத்தில் ஓட்டத் தொடங்கிய பிறகுதான் அடுத்த தவறு புரிந்தது. நான்கடி ஆழப் பலகையின் சுவரோர மூலையில் ரயில் தடம்புரண்டால் கை எட்டவில்லை. குடையின் வளைந்த கைப்பிடியால் பெட்டியை இழுக்கப் போய், மூன்று வாரமாக ஒட்டிய நிலையக் கட்டடத்தைச் சாய்த்தேன். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அணுகக்கூடிய பலகையின் ஆழம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதை அன்றே கற்றேன். ரயில்கள் எப்போதும் கை எட்டாத இடத்தில்தான் கவிழும்.

இனி ஸ்கேலுக்கு வருகிறேன். உலகில் மிகப் பரவலாக இருப்பவை இரண்டு. எச்.ஓ. என்பது உண்மை ரயிலின் 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ‘ஓ’ என்ற பழைய அளவில் பாதி என்பதே அந்தப் பெயரின் பொருள். ‘என்’ (N) ஸ்கேல் 160-இல் ஒரு பங்கு. இடைவெளி 9 மில்லிமீட்டர். ஒன்பதைக் குறிக்கும் சொல் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு மூன்றிலும் அதே எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர் வந்தது. எச்.ஓ.வில் வழக்கமான செட்டுகளில் வரும் சிறிய வளைவின் ஆரம் 18 அங்குலம், அதாவது 457 மில்லிமீட்டர். விட்டமே 90 சென்டிமீட்டரைத் தாண்டுவதால், விளிம்பில் பாதுகாப்புக்குச் சிறிது இடம் விட்டால் ஒரு மீட்டர் அகலப் பலகை தேவைப்படும்; 75 சென்டிமீட்டர் விதியோடு அது முட்டுகிறது. பலகையின் இரு புறமும் நடமாட இடம் இருந்தால் எச்.ஓ. எடுங்கள். கைக்கு அடக்கமாக, எடையோடு, ஓட்டமும் நிதானமாக இருக்கும். சுவரோடு ஒட்டிய மூலைதான் உங்களுக்கு இருக்கிறது என்றால் ‘என்’ ஸ்கேலே பொருந்தும்.

வளைவின் ஆரம் உங்கள் மிக நீளமான பெட்டியைப்போல் மூன்று மடங்கு இருந்தால் பார்வைக்கும் அழகாக இருக்கும். இரண்டு மடங்குக்குக் கீழே போனால் தடம்புரளும் தொல்லை தொடங்கும். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் உருவான நம் வழக்கமான ரயில் பெட்டி ஒன்றின் உடல் நீளம் சுமார் 21.3 மீட்டர், ‘என்’ ஸ்கேலில் அது 133 மில்லிமீட்டர். ஆகவே 266-க்கு மேற்பட்ட ஆரம் வேண்டும். என் இரண்டாவது லேஅவுட்டை, அதாவது உண்மையில் ஓடிய முதல் லேஅவுட்டை, 120-க்கு 75 சென்டிமீட்டர் பலகையில் ஜப்பானின் காட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் தண்டவாளத்தில் 282 மில்லிமீட்டர் ஆர வளைவுகளை வைத்துக் கட்டினேன். 45 பாகை வளைவுத் துண்டுகள் எட்டு, 248 மில்லிமீட்டர் நேர்த்துண்டுகளில் பக்கத்துக்கு இரண்டு நீளம், அதில் பாதையைக் கிளை பிரிக்கும் ஒரு பாயிண்ட் வைத்து உள்பக்கமாக இரண்டு மூன்று சரக்குப் பெட்டிகள் நிற்கக்கூடிய ஒரு சைடிங், அதாவது ஒதுக்குப் பாதை. அவ்வளவுதான் மொத்தப் பாதையும்.

இந்த வட்டத்தைச் சுற்றி வரும் தூரம் 2.76 மீட்டர். 160 மடங்காகப் பெருக்கினால் உண்மை உலகில் ஏறத்தாழ 440 மீட்டர் ஆகிறது. ஆனால் 24 பெட்டிகள் கொண்ட நம் விரைவு ரயில் ஒன்றின் நீளமே, ஒரு பெட்டிக்கு இணைப்பு வரை 22.3 மீட்டர் என்று கொண்டால், 535 மீட்டர். அதை அப்படியே மாடலாக்கி என் பலகையில் ஓடவிட்டால் எஞ்சின் தன் கடைசிப் பெட்டியைத் தானே இடித்துவிடும், எச்.ஓ.வில் அதே ரயிலுக்கு ஆறு மீட்டர் நடைமேடை வேண்டும். எனவே பாண்டியன் எக்ஸ்பிரஸை முழுதாகக் கட்டும் கனவை ஒதுக்கிவைத்து, எஞ்சினும் நான்கு பெட்டிகளும் கொண்ட ஒரு பாசஞ்சரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிளைப்பாதை, ஒற்றை நடைமேடை, ஒரு லெவல் கிராசிங் இருந்தால் நான்கு பெட்டி ரயில் சிறியதாகவே தெரியாது.

இந்திய ரயிலையே ஓட்ட விரும்புவோருக்கு இன்னொரு மனக்குறை வரும். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர்; எச்.ஓ.வில் அது 19 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டும். கடையில் கிடைப்பதோ 1,435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்டு கேஜுக்கான 16.5. எனவே நம் எஞ்சின்கள் சற்றே ஒடுங்கிய கால்களில் நிற்கும். ஜப்பானியர்களுக்கு இதன் எதிர்ப்பக்கம்: அவர்களுடைய 1,067 மில்லிமீட்டர் பாதையின் ரயில்களை 150-இல் ஒரு பங்காகச் செய்து 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓட்டுவதால் கால்கள் சற்று அகன்று நிற்கின்றன. அவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. முதல் லேஅவுட்டில் நீங்களும் பொருட்படுத்தாதீர்கள். தண்டவாளத்தை நாமே கையால் கட்டிக்கொள்ளும் வழி உண்டு என்றாலும், அதைத் தொடங்கியவர்கள் பலர் ரயில் ஓட்டுவதை மறந்துவிடுகிறார்கள்.

பலகைக்கு ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். பிளைவுட்டில் 12 மில்லிமீட்டர் கனம் எடுத்து, அடியில் மரச்சட்டம் அடித்துவிடுங்கள். கடலோர ஊரில் சட்டம் இல்லாத பலகை ஒரு மழைக்காலத்திலேயே முறுக்கிக்கொள்ளும். பலகையில் ஒரு மில்லிமீட்டர் மேடு என்பது ‘என்’ ஸ்கேலில் 16 சென்டிமீட்டர் மேடு என்பதை நினைவில் வையுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தொடக்கக்காரர்கள் கைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். சாதாரண அனலாக் முறையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி 12 வோல்ட் வரையிலான நேர்மின்சாரம் தருகிறது. வோல்ட்டைக் கூட்டினால் வேகம், துருவத்தை மாற்றினால் திசை. வெளிநாட்டு செட் வந்தால் முதலில் பவர் பேக் எனப்படும் அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அமெரிக்கச் செட்டுகளில் 120 வோல்ட், ஜப்பானியச் செட்டுகளில் 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட் பிளக்கில் செருகாதீர்கள். 100–240 என்று இருந்தால் அச்சமில்லை. சித்தப்பாவின் செட்டை நான் படிக்காமல் செருகினேன். ஒரு நிமிடத்துக்குள் கருகல் வாசனை வந்து பவர் பேக் போய்விட்டது, நல்லவேளையாக எஞ்சின் தண்டவாளத்தில் ஏறியிருக்கவில்லை.

தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோக ஜாயினர்கள் மின்சாரத்தை நம்பகமாகக் கடத்துபவை அல்ல. ஒவ்வோர் இணைப்பிலும் சிறிது வோல்ட் குறைவதால் பாதையின் மறுகோடியில் ரயில் சோர்ந்துபோகும். என் சிறிய வட்டத்திலேயே எதிரெதிராக இரண்டு இடங்களில் ஒயர் கொடுத்த பிறகுதான் ஓட்டம் சீரானது. பெரிய பாதையில் மீட்டருக்கு ஒன்று கொடுப்பது நல்லது. அதேபோல, போன ரயில் திரும்பி அதே பாதையில் எதிர்த்திசையில் வரும்படி ஒரு வளையத்தைப் போட்டுவிடாதீர்கள். அப்படி மடித்தால் இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தோடு போய் இணைந்து ஷார்ட் ஆகிவிடும். இடைவெளி விட்டுத் தனி சுவிட்ச் வைத்துத் தீர்க்கலாம், ஆனால் முதல் முயற்சிக்கு அது வேண்டாத சிக்கல். தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்க, ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனி எண்ணில் கட்டளை அனுப்பும் டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறை, இரண்டு எஞ்சின்களை ஒரே நேரத்தில் ஓட்டும் ஆசை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தண்டவாளத்தைப் போட்டவுடன் மலை கட்டத் தொடங்காதீர்கள். ஒட்டாமல், ஆணி அடிக்காமல், ஒரு மாதம் சும்மா ஓட்டுங்கள். எந்த இணைப்பில் பெட்டி துள்ளுகிறது, எங்கே எஞ்சின் தயங்குகிறது என்பதையெல்லாம் அந்த மாதம் காட்டிக்கொடுக்கும்; பசை காய்ந்த பிறகு தெரிந்தால் உடைத்தெடுக்க வேண்டியிருக்கும்.

நில அமைப்பில் நம்மவர்களுக்கு ஒரு முன்னனுபவம் உண்டு. நவராத்திரிக் கொலுவின் பக்கத்தில் மணல் பரப்பி, கடுகு தூவி முளைக்கவைத்துப் புல்வெளி ஆக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி என் அம்மா போட்ட பூங்காக்களில்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது. அந்தக் கைவேலையை நிரந்தரமாக்குவதுதான் இங்கே செய்வது. தச்சுப்பட்டறையின் மரத்தூளைச் சலித்துப் பச்சைச் சாயத்தில் நனைத்து உலர்த்தினால் புல், தேங்காய் நாரை வெட்டி நட்டால் உயர்ந்த கோரை, காயவைத்த டீத்தூள் சக்கை காட்டுமண். மலைக்குத் தெர்மோகோலை அடுக்கும்போது ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையை மட்டுமே பயன்படுத்துங்கள். செருப்பு ஒட்டும் பசையும் ஸ்ப்ரே பெயிண்டும் தெர்மோகோலைக் கரைத்துத் தின்றுவிடும். அதன் மேல் செய்தித்தாளை மைதாப் பசையில் ஒட்டினேன். இரண்டே வாரத்தில் கரப்பான்பூச்சிகள் மலையைக் குடைந்து குடியேறின. புத்தகம் பைண்டு செய்யும் பெரியவர் ஒருவர்தான், பசை காய்ச்சும்போது சிறிது மயில்துத்தம் கலக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அது நஞ்சு என்பதால், சமையல் பாத்திரத்தில் காய்ச்சாமல், குழந்தைகளுக்கு எட்டாமல் செய்யுங்கள்.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் தண்டவாளத்தைத் துடைப்பதுதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாளால் தேய்த்தால் நுண்கீறல்கள் விழுந்து முன்னைவிட வேகமாக அழுக்கு சேரும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எங்கள் வீட்டில் அந்த அறைக்கு மட்டும் வருவதில்லை, அதற்கு நான் நடத்திய பேச்சுவார்த்தை தனிக்கதை.

கடைசி வேலையாகத் தண்டவாளத்தின் இரு ஓரங்களிலும் ஜல்லி தூவி, ஃபெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, பரப்பு இழுவிசை குறையப் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி சேர்த்து, சொட்டு மருந்துக் குழாயால் விடுவார்கள். பாயிண்டின் அருகே மட்டும் அந்தக் கரைசல் போகவே கூடாது. என்னுடையதில் அது பாயிண்டின் நகரும் பகுதியான நாக்குத் தண்டவாளத்துக்கு அடியில் கசிந்து இறுகிவிட்டதால், பாயிண்ட் நேர்ப்பாதையிலேயே நின்றுபோனது. சைடிங்கில் அப்போது இருந்த இரண்டு சரக்குப் பெட்டிகள் வெளியே வர வழியில்லை. அவற்றுக்குத் துருநிறம் பூசி, சக்கரங்களைச் சுற்றித் தேங்காய் நார்ப் புதர் வளர்த்துவிட்டேன். வருகிறவர்கள் எல்லோரும் பலகையில் முதலில் குனிந்து பார்ப்பது அந்தக் கைவிடப்பட்ட சைடிங்கைத்தான்.