சம்பளம் இல்லாத அந்த அழைப்பை உங்கள் மகள் ஏற்கலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் அமெரிக்காவில் கோள் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருக்கிறார். நாசாவின் மதிப்பீட்டுக் குழுக்களில் தன்னார்வமாகப் பணியாற்றப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். இப்போது அழைப்பு வந்திருக்கிறது. அவ்வளவு பெரிய அரசு நிறுவனம் ஒரு மாணவியிடம் சம்பளமில்லாமல் ஏன் வேலை வாங்கவேண்டும், இதில் ஏதும் மோசடி இருக்குமா, படிப்பு கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏற்கலாம், ஏற்கவும் வேண்டும். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் விசா தொடர்பாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், நாசா ஏன் இப்படி ஆள் தேடுகிறது என்பது புரிந்தால் உங்கள் சந்தேகத்தில் பாதி தீர்ந்துவிடும். நாசாவின் அறிவியல் பிரிவுக்கு 2024 நிதியாண்டில் ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 7.3 பில்லியன் டாலர். அதில் ஒரு பங்கு பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் இருக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு நிதியுதவியாகப் போகிறது. ஆண்டுதோறும் 'ரோசஸ்' என்ற பெயரில் ஒரு பெரிய அறிவிப்பு வெளியாகும். வானியற்பியல், கோள் அறிவியல், சூரிய இயற்பியல், புவி அறிவியல், உயிரியல்-இயற்பியல் அறிவியல் ஆகிய ஐந்து துறைகளிலும் ஆய்வு முன்மொழிவுகள் வந்து குவியும். எது தரமானது என்று நாசா அதிகாரிகள் தாங்களாகவே முடிவு கட்டுவதில்லை. அந்தந்தத் துறையின் ஆராய்ச்சியாளர்களைக் கூட்டி உட்காரவைத்து அவர்களின் கருத்தைக் கேட்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல் வருகிறது. யூரோப்பா என்ற வியாழனின் துணைக்கோளின் பனி ஓட்டைப் பற்றி ஆழமாகத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். அவர்களில் பலர் அதே திட்டத்துக்குத் தாங்களும் முன்மொழிவு அனுப்பியிருப்பார்கள். தன் விண்ணப்பம் வரிசையில் இருக்கும்போது அடுத்தவர் விண்ணப்பத்துக்கு மதிப்பெண் போட முடியுமா? பொதுவாக அவர்களைக் குழுவில் சேர்ப்பதில்லை. விண்ணப்பித்தவரின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர், அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர், அண்மையில் அவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர் ஆகியோரும் அந்த விண்ணப்பத்தின் பக்கம் வரக்கூடாது. இத்தனை பேரையும் கழித்துவிட்டால் மிஞ்சுவோர் மிகச் சிலர். அதனால்தான் நாசா தன் துறைகளின் சார்பில் தன்னார்வலர் படிவங்களை வெளிப்படையாகவே வைத்து, இளம் ஆராய்ச்சியாளர்களையும் பெயர் கொடுக்கச் சொல்கிறது. உங்கள் மகளுக்கு அழைப்பு வந்ததில் வியப்படைய ஒன்றுமில்லை. அவருடைய அறிவு அங்கே உண்மையிலேயே தேவைப்படுகிறது.

மோசடியா என்ற கேள்விக்கு ஒரு நேரடிச் சோதனை உண்டு. இந்தப் பணிக்கு நாசா யாரிடமும் ஒரு காசு கேட்பதில்லை. பதிவுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது போலி. தனியார் நிறுவனங்கள் சில பணிகளை நாசாவுக்காக ஏற்று நடத்துவதால் மின்னஞ்சல் அவர்கள் முகவரியிலிருந்தும் வரலாம். அப்படி வந்தால் அதில் பெயர் குறிப்பிட்டுள்ள நாசா திட்ட அதிகாரிக்கு, நாசாவின் அதிகாரபூர்வ தளத்தில் உள்ள முகவரிக்கு, மகள் தனியாக ஒரு வரி எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும்.

இனி அவர் அங்கே போய் என்ன செய்வார் என்பதைச் சொல்கிறேன். நீங்கள் கேட்காத விஷயம்தான், ஆனால் முடிவு இதைத்தான் பொறுத்திருக்கிறது.

குழுவில் மதிப்பீட்டாளராக உட்காருபவர்கள் பெரும்பாலும் முனைவர் பட்டம் முடித்தவர்கள். ஆய்வு மாணவர்களுக்கும் பட்டம் பெற்ற கையோடு இருப்பவர்களுக்கும் கோள் அறிவியல் துறை திறந்துவைத்திருக்கும் இடம் 'எக்ஸிக்யூட்டிவ் செக்ரட்டரி', அதாவது குழுச் செயலர். உங்கள் மகளுக்கு வந்திருப்பதும் அதுதான் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. செயலருக்கு வாக்கு கிடையாது. விவாதத்தைக் கூர்ந்து கேட்டுக் குறிப்பெடுப்பதும், குழுத் தலைவரோடு சேர்ந்து ஒவ்வொரு முன்மொழிவுக்குமான மதிப்பீட்டு அறிக்கை ஒழுங்காக எழுதப்படுகிறதா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. எழுத்தர் வேலை என்று தோன்றும். தோன்றுவதை நம்பவேண்டாம்.

ஒரு முன்மொழிவில் அறிவியல் பகுதி பெரும்பாலும் 15 பக்கம் இருக்கும். அதைப் படித்தவர்கள் தங்கள் கருத்தைப் பெரிய பலம், சிறிய பலம், பெரிய பலவீனம், சிறிய பலவீனம் என்று பிரித்து எழுதவேண்டும். ஒருவர் "ஆய்வு முறை திருப்தியாக இல்லை" என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரியை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தவர் எதைத் திருத்துவார்? செயலர் கேட்டாக வேண்டும்: எந்த இடத்தில், எதனால், அதனால் எந்த முடிவு பாதிக்கப்படுகிறது? மதிப்பீட்டாளர் விளக்குவார்: யூரோப்பாவின் பனி ஓடு முழுவதற்கும் வெப்பக் கடத்துத்திறன் ஒரே அளவு என்று விண்ணப்பதாரர் எடுத்துக்கொண்டிருக்கிறார். மேற்பரப்பில் சுமார் 100 கெல்வின் குளிரில் இருக்கும் பனி, உருகுநிலைக்கு அருகே 270 கெல்வினில் இருக்கும் பனியைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். எனவே அவர் கணக்கிட உத்தேசித்திருக்கும் ஓட்டின் தடிமன் கணிசமாகப் பிசகும். இப்போது அது எழுதத் தகுந்த பலவீனம். அடுத்த கேள்வியும் உடனே வரும்: இது பெரியதா, சிறியதா? மாதிரியில் ஒரு சமன்பாட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்றால் சிறியது. ஆய்வின் மையக் கேள்வியே அந்தத் தடிமனை நம்பி நிற்கிறது என்றால் பெரியது. இதற்காக மெத்தப் படித்தவர்கள் நெடுநேரம் வாதாடுவார்கள். தன் கருத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் எப்போது விட்டுக்கொடுக்கிறார், எந்த ஆதாரத்தைக் கேட்டு விட்டுக்கொடுக்கிறார் என்பதை உங்கள் மகள் பக்கத்திலிருந்து பார்ப்பார். எந்தப் பாடத்திட்டத்திலும் இதற்கு இடமில்லை.

கடைசியில் 'மிகச்சிறப்பு' முதல் 'மோசம்' வரை தரம் இடுவார்கள். ஒரு முன்மொழிவை இன்னொன்றோடு ஒப்பிடக்கூடாது, விதிக்கப்பட்ட அளவுகோலோடுதான் ஒப்பிடவேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. குழு சொல்வது ஆலோசனை. யாருக்கு நிதி என்ற முடிவு நாசா அதிகாரிகளுடையது.

இப்படிச் சில நாட்கள் உட்கார்ந்துவிட்டு வரும் மாணவி, தன் சொந்த முன்மொழிவை எழுதும்போது மறுபக்கம் இருப்பவர் எங்கே நின்று நெற்றியைச் சுருக்குவார் என்பதை அறிந்தே எழுதுவார். ஆய்வு மாணவர்களுக்கென்றே நாசா நடத்தும் 'ஃபினெஸ்ட்' நிதியுதவியில் ஆண்டுக்கு 50,000 டாலர் வரை, அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும். நான்காம் ஆண்டில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு கடந்திருக்கலாம். ஆனால் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியும், பிறகு உதவிப் பேராசிரியர் பணியும் எல்லாமே முன்மொழிவு எழுதித்தான் நிற்கின்றன. சம்பளம் எங்கே என்று கேட்டீர்கள். என் கணக்கில் அது இங்கே இருக்கிறது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். இதனால் நாசாவில் வேலை கிடைக்கும் என்று எண்ணவேண்டாம். நாசாவின் அரசுப் பணியிடங்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். குழுவில் உட்கார்ந்தவர் என்பதற்காக அந்த விதி தளராது. அறிவியல் நிதியும் அரசியலோடு ஏறி இறங்குகிறது. 2026 நிதியாண்டுக்கு அறிவியல் பிரிவின் ஒதுக்கீட்டை ஏறக்குறைய பாதியாகக் குறைக்க வெள்ளை மாளிகை முன்மொழிந்தது என்பதே துறையில் எல்லோரையும் கலங்கவைத்தது. எந்த நாட்டுக்குப் போனாலும், ஆராய்ச்சியை விட்டுத் தொழில்துறைக்கே போனாலும், ஒரு திட்டத்தைப் படித்து அதன் பலவீனத்தைத் துல்லியமாக, யாரையும் புண்படுத்தாமல் எழுதத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. மகள் இதை அந்தக் கண்ணோட்டத்தில் எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் வராது.

இப்போது விசா. எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவர், பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஊதியம் பெறும் வேலைக்கு முன் அனுமதி பெற்றாகவேண்டும். மதிப்பீட்டுப் பணிக்குச் சில வேளைகளில் மதிப்பூதியம் என்று சிறு தொகை தருவதுண்டு. நேரில் கூடும் குழு என்றால் பயணச் செலவும் உண்டு. எனவே எதற்கும் ஒப்புதல் தருவதற்கு முன் மகள் தன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போய், அழைப்புக் கடிதத்தைக் காட்டி, எழுத்தில் பதில் வாங்கவேண்டும். "பணம் வாங்கவில்லை, அதனால் கேட்கவேண்டியதில்லை" என்று தானாக முடிவு செய்துவிடக்கூடாது. படிவத்தில் குடியுரிமை பற்றிய கேள்விக்கும் உள்ளது உள்ளபடியே பதில் இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் தொலைபேசியில் நச்சரித்தாலும் தவறில்லை.

அடுத்த சில பத்திகளை மகளிடமே படித்துக் காட்டுங்கள்.

படிவத்தில் நிபுணத்துவம் என்ற இடத்தில் 'கோள் அறிவியல்' என்று எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள், அம்மா. அதை வைத்துக்கொண்டு அதிகாரி உங்களை எந்தக் குழுவில் சேர்ப்பார்? 'பனி ஓடுகளில் வெப்பப் பரிமாற்றம், எண்முறை மாதிரியாக்கம், கலிலியோ விண்கலத் தரவுப் பகுப்பாய்வு' என்று கைப்பழக்கம் உள்ளதை எழுதுங்கள். ஒரு கருத்தரங்கில் கேட்டதோடு சரி என்ற தலைப்புகளைச் சேர்க்காதீர்கள். தெரியாததைத் தெரியும் என்று எழுதிவிட்டு வந்தால், பல ஆண்டு உழைப்பை 15 பக்கத்தில் அடைத்து அனுப்பிய ஒருவருக்கு அநீதி நடக்கும்.

அறையில் கேட்டதும் படித்ததும் அங்கேயே இருக்கவேண்டும். ரகசிய உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவீர்கள். வழிகாட்டிப் பேராசிரியர் ஆவலோடு கேட்டாலும் சொல்லக்கூடாது. முன்மொழிவின் ஒரு பத்தியைக்கூடச் செயற்கை நுண்ணறிவுக் கருவி எதிலும் ஏற்றிச் சுருக்கம் கேட்கக்கூடாது. அங்கே பார்த்த நல்ல யோசனை ஒன்று உங்கள் ஆய்வேட்டில் எட்டிப்பார்த்தால், அதன்பின் எந்த விளக்கமும் எடுபடாது. தன்விவரக் குறிப்பில் எந்த ஆண்டு நாசாவின் மதிப்பீட்டுப் பணியில் இருந்தீர்கள் என்று பொதுவாகக் குறிப்பிட எண்ணினால், எப்படி எழுதலாம் என்று திட்ட அதிகாரியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பெயர், இளம் வயது, பெண் என்ற தயக்கம் உங்களுக்கு இருப்பதாக அப்பா எழுதியிருக்கிறார். 2018இல் ஹபிள் தொலைநோக்கியின் நேர ஒதுக்கீட்டுக்கு, விண்ணப்பித்தவர் யார் என்று மதிப்பிடுபவருக்குத் தெரியாத முறையைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சுற்றில் பெண்கள் தலைமையேற்ற விண்ணப்பங்களின் வெற்றி விகிதம் ஆண்களுடையதைவிடச் சற்றே கூடியது. அதற்கு முன் ஆண்டுக்காண்டு நிலைமை மறுபக்கமாகவே இருந்துவந்தது. பிறகு நாசா அந்த முறையைத் தன் ஆய்வு நிதித் திட்டங்கள் பலவற்றுக்கும் விரிவாக்கியது. பெயரைப் பார்த்து எடைபோடும் பழக்கத்தைக் குறைக்க முறைகள் மாறிவருகின்றன. யார் எழுதியது என்று குழுவில் எவராவது ஊகிக்கத் தொடங்கினால், அதைச் சுட்டிக்காட்ட உங்களுக்கும் உரிமை உண்டு.

மறுபடி உங்களுக்கு, ஐயா. இந்தப் பாதை எங்கே போகும் என்று கேட்பீர்கள். அனுபவம் கூடக்கூட மதிப்பீட்டாளராகவும், குழுத் தலைவராகவும் ஆகலாம். அதற்கும் மேலே, அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் கூட்டாட்சி ஆலோசனைக் குழுச் சட்டத்தின்கீழ் அமையும் முறையான ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் கூட்டங்கள் முன்கூட்டியே அரசிதழில் அறிவிக்கப்படும், பெரும்பாலும் பொதுமக்களும் கேட்கலாம். மகள் இப்போதே இணையவழியில் ஒன்றைக் கேட்டுப் பார்க்கட்டும். அடுத்து, நாசாவுக்கு வெளியே நின்று தேசிய அறிவியல் கழகங்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை தயாரிக்கும் பரிந்துரை அறிக்கை. அதன் குழுக்களில் இருப்பவர்களும் தன்னார்வலர்களே. 2011இல் வெளியான அறிக்கை, பெரிய திட்டங்களில் முதலிடத்தைச் செவ்வாயில் பாறை மாதிரி சேகரிப்பதற்கும், இரண்டாமிடத்தை யூரோப்பா பயணத்துக்கும் கொடுத்தது. 2021 பிப்ரவரியில், அந்த மாதிரிகளைச் சேகரிக்கும் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கியது. 2024 அக்டோபரில் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் புறப்பட்டது. சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து வாதாடியவர்களின் சொல்லுக்கு அவ்வளவு கனம் இருக்கிறது.

படிப்பு கெடுமா என்பதற்குத் தேதிகளைப் பார்த்துத்தான் பதில் சொல்லமுடியும். குழு கூடும் நாட்கள் தவிர முன்தயாரிப்புக்கும் நேரம் போகும். ஆய்வேட்டின் அத்தியாயத்தை ஒப்படைக்கும் வாரத்திலோ, வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய மாதத்திலோ அது வந்து விழுந்தால் மறுத்துவிடச் சொல்லுங்கள். அழைப்பு கிடைத்த ஓரிரு நாளிலேயே, "இந்தத் தேதிகளில் இயலாது, இன்ன மாதத்துக்குப் பிறகு இயலும்" என்று எழுதினால் போதும். பதில் போடாமல் இழுத்தடிப்பதும், ஒப்புக்கொண்டுவிட்டுக் கடைசி வாரத்தில் விலகுவதும்தான் அதிகாரிகளைத் திண்டாடவைக்கும். நேரத்தோடு மறுத்தவரை அடுத்த சுற்றில் அழைக்க அவர்களுக்குத் தயக்கம் இருக்காது.