தினமும் ரெண்டு மாடல் டெஸ்ட் போடுற தங்கச்சிக்கு

தங்கச்சி, "பிரிட்டனுக்கு நர்ஸா வரணும்னு ஆறு மாசமா தினமும் ரெண்டு மாடல் டெஸ்ட் போடுறேன் அக்கா, ரைட்டிங் மட்டும் ஏறவே மாட்டேங்குது. பொதுவான இங்கிலீஷ் பரீட்சை ஐஇஎல்டிஎஸ்ஸை விட்டுட்டு, நர்ஸ் டாக்டர்களுக்குன்னே இருக்கிற ஓஇடிக்கு மாறலாமா?"ன்னு கேட்டிருக்கே. கூடவே குக்கர் கொண்டு வரலாமா, குளிருக்கு என்ன வாங்கணும், வீட்டுக்காரர் விசா எப்போன்னு ஒரு பட்டியல் வேற. அதெல்லாம் ஆஃபர் லெட்டர் கையில் வந்த பிறகு பார்த்துக்கலாம். குளிருக்குப் போடுற கோட்டு மட்டும் அங்கே வாங்கிடாதே, நம்ம ஊர்க் கடையில் குளிருக்குன்னு விக்கிறது ஊட்டிக்குத்தான் ஆகும். இப்போ பரீட்சையைப் பேசுவோம்.

தினமும் தராசில் ஏறி நின்னா உடம்பு ஏறுமா? சாப்பிட்டாத்தானே ஏறும். மாடல் டெஸ்ட்டுங்கிறது தராசு, வாரத்துக்கு ஒண்ணு போதும். நானும் இதே தப்பைச் செஞ்சவதான். 2016ல முதல் தடவை எழுதினப்போ ரைட்டிங்ல 6. 2017ல ரெண்டாவது தடவை 6.5, ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங்னு மத்த மூணும் 7க்கு மேல. பிரிட்டன்ல நர்ஸா பதிவு பண்ண அப்போ நாலுலேயும் 7 வேணும். அரை மார்க்கில் போச்சு. ஃபீஸ் என் ஒரு மாசச் சம்பளம், ரெண்டாவது தடவைக்கு அம்மாவோட கம்மலை அடகு வச்சேன். அந்த வருஷம் நவம்பர்லேர்ந்து ஓஇடியும் செல்லும்னு அறிவிச்சதும் அதுக்கு மாறி, 2018ல பாஸாகி, நவம்பர் கடைசியில் இங்கிலாந்துல லெஸ்டர் ஊர்ல வந்து இறங்கினேன். பெட்டியை முழுசாப் பிரிக்கக்கூட இல்ல, டிசம்பர் 5லேர்ந்து ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்குக்கு 6.5 போதும்னு ஆயிடுச்சு! என் தலையெழுத்தைப் பாரு. இப்போ வர்ற பிள்ளைங்க "ரைட்டிங் ஒண்ணும் கஷ்டமில்லக்கா"ன்னு சொல்லும்போது வாயைத் திறக்காம டீயைக் குடிச்சிட்டு எழுந்துருவேன்.

என்னைக் கெடுத்தது கோச்சிங் சென்டர். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் "இன் திஸ் மாடர்ன் எரா"ன்னு ஆரம்பிக்கச் சொல்லி மனப்பாடம் பண்ண வச்சாங்க. திருத்துறவங்க அந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பாங்க! ரெண்டாவது கேள்விக்குத்தான் முதல் கேள்வியைப் போல ரெண்டு மடங்கு மதிப்புன்னு யாரும் சொல்லவே இல்ல. நான் 150 வார்த்தை கேட்ட கிராஃபுக்கு 35 நிமிஷத்தைக் கொட்டிட்டு, 250 வார்த்தைக் கட்டுரையை மூச்சு வாங்க முடிச்சேன். நீ கம்ப்யூட்டர்ல எழுதுறவளா இருந்தா டைப்பிங்கும் பழகு. எழுத்துப்பிழைக்குச் சிவப்புக் கோடு போட அங்கே யாரும் இல்ல.

உன் கேள்விக்கு நேர் பதில்: வார்டில் நிக்கிற பிள்ளைக்கு ஓஇடி ஏத்தது. ஃபீஸ் ரொம்பக் கூடுதல், அதனால ஒரே தடவையில் முடிக்கணும்னு நினைச்சுக்கோ. இப்போ ரைட்டிங்குக்கு சி பிளஸ் கிரேடு போதும், மத்த மூணுக்கும் பி வேணும். ஒரு நோயாளியோட கேஸ் நோட்ஸ் கொடுப்பான். அஞ்சு நிமிஷம் படிக்க, 40 நிமிஷம் கடிதம் எழுத. 180லேர்ந்து 200 வார்த்தைதான். நம்ம ஆட்கள் அங்கேதான் வழுக்குறாங்க, நோட்ஸ்ல இருக்கிற அத்தனையையும் கடிதத்துல இறக்கிடுறாங்க. இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போறவருக்குப் புண்ணுக்கு மருந்து கட்ட வர்ற நர்ஸுக்கு நீ எழுதுறே. இருபது வருஷத்துக்கு முன்னாடி அவருக்குக் குடல்வால் எடுத்தது அவளுக்கு எதுக்கு? எதை விடணும்னு தெரியறதுக்கும் மார்க் உண்டு.

நான் தேறினது பஸ்ஸில். டூட்டி முடிஞ்சு நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போற இருபது நிமிஷம், அன்னைக்குப் பார்த்த ஒரு நோயாளியை அடுத்த டூட்டி நர்ஸுக்கு இங்கிலீஷ்ல ஹேண்டோவர் கொடுக்கிற மாதிரி மனசுக்குள்ள சொல்லிப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து அதையே போன்ல பதிவு பண்ணிக் கேட்பேன். முதல் நாள் கேட்டப்போ வெட்கமாப் போச்சு. "ஃபாஸ்டிங்"குக்கு "பாஸ்டிங்", "ஷுகர்"க்கு "சுகர்". தமிழ்ல வளர்ந்த நாக்குக்கு இந்த ஒலியெல்லாம் தானா வராது, கண்ணாடி முன்னாடி நின்னு உதட்டைப் பார்த்துப் பழகினேன். காதுக்கு எண்கள்தான் எதிரி. ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? டேப் ஒரே தடவைதான் ஓடும். என் கூடப்பிறந்த தங்கச்சியை போன் நம்பரும் மருந்து அளவும் வேகமா வாசிக்கச் சொல்லி எழுதுவேன். அவளுக்கு அதுல எரிச்சல்.

ஸ்பீக்கிங்ல இன்னொரு பழக்கத்தை உதறணும். நம்ம வார்டில் நாற்பது பேரைப் பார்க்கிற நர்ஸ் "அழாதீங்க, ஒண்ணும் ஆகாது, கையை நீட்டுங்க"ன்னு முடிச்சிடுவா. ஓஇடியில் ஒருத்தர் நோயாளியா நடிக்க நீ நர்ஸா பேசுற ரோல் பிளேயில் அது எடுபடாது. நோயாளிக்கு என்ன பயம்னு முதல்ல கேட்கணும், அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசக்கூடாது.

மலையாளிப் பிள்ளைங்களைப் பாரு, நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி நோயாளியா நடிச்சுப் படிப்பாங்க. நம்மாளு பரீட்சைத் தேதியைக்கூட கண்ணு பட்டுடும்னு ரூம்மேட்டுக்குச் சொல்லமாட்டா. பேசுற பரீட்சைக்குத் தனியா படிச்சா எப்படி? அப்புறம், பரீட்சையே எழுதாம சர்டிஃபிகேட் வாங்கித் தர்றேன்னு ஒருத்தன் வருவான், ஓடிரு. "முதல்ல வயசானவங்களைப் பார்த்துக்கிற கேர் வொர்க்கரா போ, அப்புறம் நர்ஸாகிக்கலாம்"னு பணம் கேட்கிறவன் கிட்டேயும் ஏமாறாதே. வெளிநாட்டிலேர்ந்து புதுசா அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறதை 2025 ஜூலையிலேயே நிறுத்தியாச்சு.

இவ்வளவு படிச்சு பி வாங்கி வந்தும் முதல் வாரம் எனக்கு ஒரு எழவும் புரியல. ஒரு தாத்தா என்னை "மி டக்"னு கூப்பிட்டார். என் நடையைப் பார்த்து வாத்துங்கிறார்னு நினைச்சுக் குளியலறையில் போய் அழுதேன். இந்தப் பக்கத்துல அது "கண்ணு"ன்னு கூப்பிடுற மாதிரியாம். ஒரு பாட்டி "ஸ்பெண்ட் எ பென்னி"ன்னாங்க, நான் அவங்க பர்ஸைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். பாவம், அவங்களுக்கு அவசரமா பாத்ரூம் போகணும்.

குக்கர் கேட்டியே, கொண்டு வா. வாணலியில்தான் கவனமா இருக்கணும். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்ல முதல் தடவை சாம்பாருக்குத் தாளிச்சேன், புகைக்கு அலாரம் அலறிருச்சு. ராத்திரி பத்து மணிக்குக் கட்டடம் மொத்தமும் நைட்டியோட வெளியே குளிரில் நிக்குது. தீயணைப்பு வண்டி வந்துட்டு. தாளிப்புன்னா என்னன்னு அந்த ஆபீசருக்கு இங்கிலீஷ்ல விளக்கணும். வார்த்தை வரல. கடுகு வெடிக்கிறதைக் கையால் படபடன்னு காட்டினேன். "பாப்கார்ன்?"னு கேட்டார். ஆமான்னு தலையாட்டிட்டேன்.