மகனுக்கு கீமோ, எனக்குத் தூக்கமில்லை: நானும் டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து எட்டு மாதம் ஆகிறது. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்கிறார்கள். ஆனாலும் ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். 'மாசமா இருக்கும்போது கிரகணத்தைப் பார்த்திருப்பே' என்கிறார் மாமியார். கணவர் வாயே திறப்பதில்லை. எனக்கு மனநல சிகிச்சை தேவையா? - ஒரு வாசகி

பதில்: முதலில் கிரகணத்தை முடித்துவிடுவோம். எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணுக்கள் உருவாகும்போது மரபணுவில் நேரும் பிழைகளால் வருவது இந்த நோய். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஏன் நேர்ந்தது என்று சுட்டிக்காட்ட எந்தக் காரணமும் கிடையாது. நீங்கள் பார்த்ததாலோ சாப்பிட்டதாலோ வரவில்லை. அடுத்த முறை மாமியாரையும் டாக்டர் அறைக்குள் அழைத்துப் போங்கள். மருமகள் சொன்னால் காதில் ஏறாதது, டாக்டர் சொன்னால் ஏறும்.

அடுத்தது உங்கள் ராத்திரிகள். கீமோ எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அது நிஜமாகவே அவசரம்தான். ஆகவே பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். கையை நம்பாமல் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பல மருத்துவமனைகள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எல்லையாக வைக்கின்றன. உங்கள் மருத்துவமனையின் அளவு என்ன, நடுராத்திரியில் எந்த நம்பருக்குப் பேசுவது, எங்கே போவது என்று கேட்டு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அவர்களைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், காய்ச்சலை மறைத்துவிடும். படுக்கும் முன் ஒரு தடவை பாருங்கள். அதன்பின் உடம்பு சுட்டாலோ, நடுக்கம் வந்தாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ மறுபடி பார்த்தால் போதும். காய்ச்சல் இல்லாமலே துவண்டு கிடந்தாலும் உடனே போன் செய்யுங்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் தெர்மாமீட்டர் கணவர் கையில் இருக்கட்டும். அன்று நீங்கள் வேறு அறையில் படுங்கள். பல அப்பாக்கள் பணத்தையும் பயத்தையும் உள்ளேயே போட்டுப் பூட்டிக்கொள்கிறார்கள். 'ஏன் பேச மாட்டேங்கறீங்க' என்று கேட்டால் அவர்கள் இன்னும் அடைத்துக்கொள்வார்கள். ஒரு வேலையைக் கொடுத்தால் பேச்சு தானாக வரும்.

ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்களில் பையன் கத்தினால், தட்டை வீசினால், அது மாத்திரை செய்யும் வேலை. உங்கள் வளர்ப்பில் குறையில்லை.

சிகிச்சை தேவையா என்றால், தேவை என்பதே என் பதில். உங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. இந்த நோய்க்கான சிகிச்சை இரண்டு, இரண்டரை வருடம் ஓடும். அதில் பெரும்பகுதி, வீட்டில் நீங்கள் தினமும் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் மாத்திரைகள். தூங்காத அம்மாவால் அதை எத்தனை நாள் தாங்க முடியும்? பெற்றோரின் மனநிலையைப் பார்ப்பதும் குழந்தையின் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஒரு பகுதி என்று 2015-ல் வந்த அமெரிக்க நெறிமுறைகளே சொல்கின்றன. 'தைரியமா இரு' என்று சொந்தக்காரர்கள் சொல்வது அன்பினால்தான், ஆனால் அது மருந்தாகாது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் அப்படி இல்லாவிட்டாலும் மருத்துவ சமூகப் பணியாளரோ கவுன்சிலரோ இருக்கலாம், விசாரியுங்கள். சிலருக்குப் பேசினாலே போதும், சிலருக்குக் கொஞ்ச காலம் மாத்திரை வேண்டியிருக்கும்.

அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை தலைகாட்டினாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

அடுத்த ஓ.பி. நாளில் பையனின் ரத்த அணுக்களின் எண்ணிக்கை (கவுன்ட்) பற்றிக் கேட்டு முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். 'டாக்டர், நான் ராத்திரி தூங்குறதே இல்லை. எனக்கு யாரைப் பார்க்கணும்?' என்று கேளுங்கள். அங்கே மறந்துவிடும் என்று தோன்றினால், ஃபைலின் முதல் தாளிலேயே எழுதி எடுத்துப் போங்கள்.