1954க்கு முன்பே கால்பந்து உலகக் கோப்பை ஆடிய ஸ்காட்லாந்து தடுப்பாட்டக்காரர்

ஸ்காட்லாந்து அணி முதன்முதலில் கால்பந்து உலகக் கோப்பைக்குப் போனது 1954இல். அதற்கு முன் ஸ்காட்லாந்துக்காரர் யாராவது அந்தப் போட்டியில் ஆடியிருக்கிறாரா என்பது கேள்வி.

ஆடியிருக்கிறார்கள். ஒருவர் இல்லை, ஐந்து பேர். 1930இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கோப்பையில், அமெரிக்க அணிக்காக. 1928இலேயே பிரிட்டிஷ் கால்பந்து சங்கங்கள் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவோடு கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டதால் ஸ்காட்லாந்து அங்கே போகவே இல்லை.

ஐவரில் எனக்குப் பிடித்தவர் அலெக்சாண்டர் வுட். அவர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுப்பவர். பள்ளி அணியில் நானும் பேக் ஆடியவன் என்பதால் கொஞ்சம் பாசம் கூடுதல்!

வுட் பிறந்தது 1907இல், ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியிலுள்ள லாக்கெலியில். நிலக்கரிச் சுரங்க ஊர். ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் வாத்தியார்கள் பிள்ளைகளை அடித்த தோல்வாருக்கும் பேர்போன ஊர். அந்த வாரையே 'லாக்கெலி' என்றுதான் சொல்வார்கள். 1921இல் ஸ்காட்லாந்து பள்ளிச் சிறுவர் அணிக்காக வேல்ஸுக்கு எதிராக ஆடினார். கொஞ்ச நாளில் அமெரிக்காவின் இரும்பாலை நகரமான கேரிக்குப் போய்விட்டார்.

அமெரிக்க அணியை 'பிரிட்டனின் பழைய தொழில்முறை ஆட்டக்காரர்கள்' என்று பலர் எழுதுவார்கள். தப்பு. வுட்டைப் போலச் சின்ன வயதிலேயே வந்தவர்கள் அதில் உண்டு. அவர் ஆட்டம் முதிர்ந்தது அமெரிக்காவில்தான்.

அப்போது பின்னால் இரண்டே பேக்குகள். வுட்டும் இன்னொரு பேக்கான மூர்ஹவுஸும் நின்ற முதல் இரண்டு ஆட்டங்களில் பெல்ஜியம், பராகுவே இரண்டுக்கும் ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை, இரண்டும் 3-0. அரையிறுதியில் அர்ஜென்டினா. முதல் பாதியிலேயே பேக்குகளுக்கு முன்னால் நடுவில் ஆடும் நடு ஹாஃப் டிரேசிக்குக் காலில் பலத்த அடி. மாற்று ஆள் இறக்கும் விதியே கிடையாது. இன்னொரு ஆட்டக்காரரான ஆல்டுக்கு உதடு கிழிந்தது, கோல்கீப்பர் டக்ளஸுக்கும் காயம். முன்னால் மறிக்க ஆள் இல்லாவிட்டால் பேக்குகளின் கதி என்ன? இடைவேளையில் அர்ஜென்டினாவுக்கு 1-0 ஆக இருந்தது 6-1இல் முடிந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. உலகக் கோப்பை அரையிறுதி வரை போன பிறகுதான் வுட்டின் இங்கிலாந்து கால்பந்து வாழ்க்கையே தொடங்கியது. பொருளாதார மந்தத்தில் அமெரிக்கக் கால்பந்து லீக் நொடித்துப்போக, 1933இல் இங்கிலாந்து கிளப்பான லெஸ்டர் சிட்டிக்கு வந்தார். எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஆனாலும் வாரம் 8 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று அப்போது இங்கிலாந்தில் விதி இருந்தது. 1936இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், பிறகு கோல்செஸ்டர் யுனைடெட், செம்ஸ்ஃபோர்டு சிட்டி என்று ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார். கடைசி இரண்டும் பெரிய லீக்கிலேயே இல்லாத, அப்போதுதான் முளைத்த கிளப்புகள்.

ஆட்டத்தை விட்டபின் கேரிக்கே திரும்பினார். 1986இல் அமெரிக்கக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.